இரவில் ஓடும் துவிச்சக்கர வண்டிக்கு எத்தகைய விளக்கு?

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றரொன்றின் விலை 470 ரூபாவைத் தொட்டபோது, பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் நெடுங்காலம் மூலையில் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. எரிபொருள் வரிசைகள் மறைந்த பின்னரும், உணவகங்களிலும் கடைகளிலும் வேலை முடித்து இரவில் வீடு திரும்புவோர் சிலருக்கு அவையே துணை. ஆயினும் விளக்கின்றி, அல்லது கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை ஒரு கையில் ஏந்தியபடி ஹவ்லொக் வீதியில் செல்வோரை நாம் இன்றும் காண்கின்றோம்.

தெருவிளக்குகள் இருக்கையில் வண்டிக்கு விளக்கு எதற்கு என்று கேட்பதில் பொருளில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை நாம் மறந்துவிடலாகாது. தவிரவும், தெருவிளக்கு நமக்குப் பாதையைக் காட்டுமேயன்றி, பின்னால் வரும் பஸ் சாரதிக்கு நம்மைத் தெளிவாகக் காட்டாது. ஒரு விளக்குக்கே கையில் பணமிருப்பின், நகர வீதியில் ஓடுபவர் சிவப்புப் பின்விளக்கையே முதலில் வாங்கவேண்டும் என்பது நமது கருத்து.

முன்விளக்கு வாங்குவோர் பெட்டியில் அச்சிட்டுள்ள லுமன் எண்ணைக் கண்டு மயங்குகின்றனர். லுமன் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவு. அவ்வொளி எங்கே விழுகின்றது என்பதை அது கூறாது. மலிவான விளக்குகளில் அந்த எண்ணே மிகைப்படுத்தப்பட்டிருப்பதுமுண்டு. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் விநாடிக்கு ஐந்தரை மீற்றர் கடக்கின்றார். குழியைக் கண்டு, சுதாகரித்து, ஈரமான வீதியில் தடை பிடித்து நிறுத்த 15 முதல் 20 மீற்றராவது தேவை. அத்தூரத்தில் தரையில் ஒளி பரப்பும் விளக்கே பயனுடையது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்வது அவருக்கும் நமக்கும் ஆபத்து. ஜேர்மனியில் முன்விளக்கின் ஒளி மேற்புறம் வெட்டப்பட்டிருக்க வேண்டுமென்று சட்டமே உண்டு. கடையில் சுவரின்மீது ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் மேல்விளிம்பு தெளிவாக வெட்டப்பட்டுள்ளதா என்பது புலப்படும்.

தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில் மழையைக் கொணரும் இந்நகரில் நீர்காப்பு ஆடம்பரமன்று. ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறியீடு நீர்த் தெறிப்பைத் தாங்குவதையும், ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீற்றர் நீரில் அரைமணி நேரம் தாங்குவதையும் குறிக்கும். மின்னேற்றும் துளையின் இறப்பர் மூடி தளர்ந்தால் இரண்டும் வீணே.

நாள்தோறும் ஓடுபவருக்கு, நமது தந்தையர் காலத்து டைனமோவும் இகழத்தக்கதன்று. சில்லின் குடத்தினுள் பொருத்தப்படும் இக்காலத்து டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று மின்சாரத்தை ஏறத்தாழ ஓசையின்றித் தருகின்றது. மின்தேக்கி பொருத்திய விளக்காயின் சமிக்ஞையில் வண்டி நின்றபோதும் சில நிமிடங்கள் எரியும். விலைதான் அதிகம். மின்கல விளக்கை நாடுவோர், பெட்டியில் கூறப்பட்ட எரியும் நேரம் மங்கிய ஒளிக்கா முழு ஒளிக்கா என்று கேட்டறிதல் அவசியம். மின்கலம் ஆண்டுகள் செல்லச்செல்லத் தேயுமாதலால், நாளாந்தப் பயணத்தைப்போல் இருமடங்கு நேரம் முழு ஒளியில் எரிவதைத் தெரிவது நன்று.

பின்விளக்கை இருக்கைக்குக் கீழே பூட்டிவிட்டுப் பின்தாங்கியில் அரிசிப் பையை ஏற்றினால் ஒளி மறைந்துபோகும். தாங்கியின் பின்விளிம்பே அதற்குரிய இடம். மெரைன் டிரைவ் வழியாகச் செல்வோர், உப்புக் காற்றினால் மின்கல முனைகளில் படியும் பச்சைக் களிம்பை மாதமொருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்.