துயிலிழப்பும் பால் வேறுபாடும்: அல்சைமர் நோய் பற்றிய ஓர் ஆய்வு

முதுமையில் மறதி இயல்பு என்பர். ஆயின் இயல்பான மறதி வேறு. மூளை நரம்பணுக்கள் சிதைவதால் நேரும் அல்சைமர் நோய் வேறு. 1901-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட்டு நகர மருத்துவமனையில் சேர்க்கப்பெற்ற 51 வயதுப் பெண்மணி ஒருவர் 1906-இல் மறைந்தார். அவர்தம் மூளையை ஆராய்ந்த செருமானிய மருத்துவர் அலாய்சு அல்சைமர், அதனுள் படிவுகளையும் முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அப்படிவுகள் அமிலாய்டு பீட்டா என்னும் புரதத்தால் ஆயவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இந்நோயால் வருந்துவோருள் மகளிரே மிகுதியர். அமெரிக்க நாட்டில் மூவருள் இருவர் மகளிர். மகளிர் நெடிது வாழ்தலே இதற்குக் காரணம் எனக் கூறுவாருளர். அது பெரிதும் உண்மையே; எனினும் முற்றமைந்த விடையன்று. ஏபிஓஇ-4 என்னும் மரபுக்கூற்றின் ஒரு படியைப் பெற்றோருள், 65 முதல் 75 வரையுள்ள அகவையில், ஆடவரினும் மகளிரே இந்நோய்க்கு மிகுதியும் ஆளாகின்றனர் என 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஒத்த அகவையினரிடையே காணும் இவ்வேற்றுமையை வாழ்நாள் நீட்சியால் நாம் விளக்கவியலாது.

இனித் துயிலை நோக்குவோம். விழித்திருக்குங்கால் மூளையில் அமிலாய்டு பீட்டா மிகுதலும் துயிலுங்கால் குறைதலும் எலிகளிடத்து 2009-இல் காணப்பெற்றன. 2018-இல் வெளிவந்த ஆய்வொன்றில், நலமுடைய 20 பேரை ஓர் இரவு துயிலாதிருக்கச் செய்து நோக்கியபோது, அப்புரதம் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு மிகுந்தமை புலனாயிற்று. பிரித்தானிய நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதில் 6 மணி நேரமோ அதனிற் குறைவாகவோ துயின்றோர், 7 மணி நேரம் துயின்றோரினும் மறதிநோய்க்கு மிகுதியும் ஆளாயினர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். துயிலிழப்பு நோயின் காரணமா, விளைவா? அறிகுறி தோன்றுதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மூளையில் மாற்றம் தொடங்குதலின், நோயே துயிலைக் கெடுத்தலும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

துயிலின்மை ஆடவரினும் மகளிர்க்கு மிகுதி. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடல் வெம்மையாலும் இரவு வியர்வையாலும் அது பெருகுகின்றது. ஆகவே, பால் வேறுபாடு நோய்க்கு இடந்தரும் வழிகளுள் துயிலிழப்பும் ஒன்றாகலாம். இஃது இன்னும் நிறுவப்பெற்ற முடிபன்று, ஆராயத்தக்க கருத்தாகும். எனினும், பிறப்பில் அமைந்த பாலை நோய்த்தடுப்பின் பொருட்டு மாற்றுவாரில்லை. துயிற்கேட்டைக் களையவோ வழியுண்டு. ஆதலின், நடுவயது மகளிர் உறக்கமில்லை என்று உரைக்குங்கால், வயதின் இயல்பு என அதனைத் தள்ளிவிடாது காரணம் ஆராய்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தகும் துணிபு.