தட்டைத் திருப்பினால் பாட்டு

விருந்து முடிந்து இனிப்பும் தின்றாகிவிட்டது. கையிலிருக்கும் மரத்தட்டைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்க வண்ணப் பூவேலை. நடுவில் சில வரிப் பாட்டு. அதைச் சபையறிய உரக்கப் படிக்க வேண்டும், முடிந்தால் பாடவும் வேண்டும். முதலாம் எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில் செல்வர் வீட்டு விருந்துகள் இப்படித்தான் களைகட்டின.

அன்றாடச் சாப்பாட்டுக்கு அங்கே சதுர மரப்பலகைதான் தட்டு. மூலையில் உப்புக்கு ஒரு சின்னக் குழி. இடைக்காலத்தில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. காய்ந்த ரொட்டித் துண்டின் மேலேயே இறைச்சியை வைத்துத் தின்றார்கள். சாறு ஊறிய அந்த ரொட்டி கடைசியில் ஏழைகளுக்குப் போகும்.

பாட்டெழுதிய வட்டத்தட்டுகள் இனிப்புக்கு மட்டுமே. அன்றைக்குச் சர்க்கரை விலை உயர்ந்த சரக்கு. அதனால் சர்க்கரைப் பாகில் ஊறிய பழம், பாதாமை அரைத்துச் செய்த மார்சிபான் எல்லாவற்றையும் பரிமாறுவதே தனி வைபவம். அதற்குத் தனி இடமும் உண்டு. வில்ட்ஷயரில் உள்ள லாங்லீட் மாளிகையின் மொட்டைமாடியில் இதற்கென்றே சிறு அறைகள் கட்டினார்கள்.

தட்டுகள் பெரும்பாலும் சிக்கமோர் அல்லது பீச் மரத்தில் செய்தவை. சிக்கமோர் வெளிர்நிற மரம்; உணவில் தன் வாசனையை ஏற்றாது. ஒரு சாண்கூட வராத அகலத்தில், அட்டைபோல மெல்லிசாகக் கடைந்திருப்பார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு தட்டுகள் ஒரு செட். அடுக்கி வைக்க மூடியுள்ள மரப்பெட்டி. ஒரு பக்கம் வெறும் மரம், இனிப்பு அதில்தான். மறுபக்கம் சிவப்பும் பச்சையும் பொன்னிறமுமாகக் கொடியும் பூவும் பழமும். இவ்வளவு அழகையும் தின்று முடிக்கும்வரை கண்ணில் காட்டாமல் கவிழ்த்து வைத்தார்களே, அந்த ரசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாப் பாட்டும் ரசிக்கத்தக்கவை அல்ல. சிலவற்றில் பைபிள் வாசகம், அறிவுரை. பலவற்றில் கல்யாணத்தையும் மனைவியையும் பழிக்கும் கேலி. பெண்களும் இருக்கும் சபையில் இவற்றைப் படித்துச் சிரித்தார்கள் என்பது மனதை உறுத்தத்தான் செய்கிறது.

இந்தப் பழக்கத்தை ஜார்ஜ் பட்டன்ஹம் 1589-இல் வெளிவந்த தம் கவிதையியல் நூலில் குறிப்பிடுகிறார். கவிஞர் சர் ஜான் டேவிஸ் அரசவையாளர், வக்கீல், வைத்தியர், விதவை, கன்னிப்பெண் என்று பன்னிரண்டு பேர் தங்களைப் பற்றித் தாங்களே பேசுவதாக எழுதினார், தட்டுக்கு ஒருவராக. ஜான் மேனார்ட் அவற்றுக்கு இசையமைத்து 1611-இல் அச்சிட்டார். இனிப்புத் தட்டின் முதுகில் இருந்த பாட்டு அப்படியே கச்சேரிக்கும் போய்விட்டது.