ஜனவரி டிரான்ஸ்பர்

சீசன் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால்பந்துக் கழகங்கள் வீரர்களைச் சேர்க்கவும் விடுவிக்கவும் கிடைக்கும் சில வாரங்களே ஜனவரி டிரான்ஸ்பர். ஃபிஃபா விதிப்படி ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் ஆண்டுக்கு இரண்டு பதிவுக் காலங்களை அறிவிக்கிறது. நீண்டது சீசனுக்கு முன், குறுகியது நடுவில். பொதுவாக ஒரு வீரர் ஒரே சீசனில் மூன்று கழகங்களில் பதிவு செய்துகொள்ளலாம். ஆடுவது இரண்டுக்கு மட்டுமே.

பெரிய கழகத்துக்கு இது அணியில் உள்ள ஓட்டையை அடைக்கும் நேரம். சிறிய கழகத்துக்கோ நன்றாக ஆடுபவரைப் பறிகொடுக்கும் நேரம். 2018-19இல் இந்தியாவின் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணிக்காக 21 கோல் அடித்தவர் பெத்ரோ மான்சி. அடுத்த சீசன் முடியும் முன்பே, 2020 ஜனவரியில், ஜப்பானின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார்.

நாடு விட்டு நாடு மாறுபவருக்குச் சர்வதேச மாற்றச் சான்றிதழ் வேண்டும். பழைய நாட்டுச் சங்கம் அதை ஃபிஃபாவின் கணினி அமைப்பு வழியாக அனுப்புகிறது. பணம் கைமாறி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்திருந்தாலும் சான்றிதழ் வராதவரை களமிறங்க முடியாது. பணம் இல்லாமலும் மாறலாம்: ஒப்பந்தம் முடிந்தவர் தடையின்றிப் போகிறார், இன்னும் முடியாதவரைக் கழகம் லோனில், அதாவது தற்காலிகமாக, வேறு கழகத்துக்கு அனுப்புகிறது.

வடசென்னையில் கணக்கு வேறு. 'மினி பிரேசில்' என்று பேர் வாங்கிய வியாசர்பாடியிலும், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரிலும் பந்து உதைக்கும் பல பையன்களுக்கு இலக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை ஆகியவை சென்னை லீக்கில் அணி வைத்து ஆடியவை. அங்கே நிரந்தர வேலை கிடைத்தவர் அணி மாறுவது அரிது. மாறினால் சம்பளத்தையும் விடவேண்டும்.

ஆனாலும் இந்த டிரான்ஸ்பர் பணத்தில் பேட்டை மைதானத்துக்கும் பங்குண்டு. ஒப்பந்தக் காலத்திலேயே வீரர் வெளிநாட்டுக்கு விற்கப்பட்டால், தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்குப் போகவேண்டும். 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம்; அதன்பின் 0.5. ஒரு கோடி ரூபாய் விற்பனையில், 12 முதல் 15 வயது வரை நான்கு சீசன் பயிற்சி கொடுத்த சின்னக் கழகத்துக்கு ஒரு லட்சம் சேரும். பந்து, பூட்ஸ், வலை வாங்கத் திணறும் கழகத்துக்கு அது பெரிய தொகை.

ஆனால் கழகம் சங்கத்தில் இணைந்திருக்கவேண்டும். பையனின் பெயரும் அந்தந்த ஆண்டில் பதிவாகியிருக்கவேண்டும். 2022 நவம்பர் முதல் இந்தப் பங்கை ஃபிஃபாவின் கிளியரிங் ஹவுஸ் பதிவேட்டைப் பார்த்தே பிரித்துக் கொடுக்கிறது. பெயர் ஏறாமல் தெரு அணியில் ஆடிய ஆண்டுகள் அதில் சேர்வதில்லை.