கொள்ளுத்தாத்தாவைத் தேடாதீர்கள், அவர் நிலத்தைத் தேடுங்கள்

விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூர் பஞ்சபாண்டவர் மலையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேசுவராலயத்தில், அரசன் பேர் 1,400 ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது. அந்த மலையடியில் ஏர் ஓட்டிய உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பேர் எங்கே இருக்கும்? பெரும்பாலும் வரி வாங்கியவர்கள் எழுதிய கணக்கில்.

எவ்வளவு பின்னால் போகலாம்? சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1865-இல் தொடங்கியது. ஆகவே நான்கைந்து தலைமுறை வரை நம்பிக்கையோடு தேடலாம். குடும்பத்துக்கு இனாம் நிலம் (வரி நீக்கியோ குறைத்தோ கொடுத்த மானியம்) இருந்திருந்தால், 1858-இல் அமைத்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். அதற்கும் முன்னால் சாதாரணக் குடும்பத்துக்கு எழுத்துச் சான்று கிடைப்பது அபூர்வம். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் படையில் எங்கள் பாட்டன் இருந்தார் என்று அந்தப் பக்கத்தில் யாராவது சொன்னால், ரசித்துக் கேளுங்கள். குறிப்பேட்டில் மட்டும் ஏற்றாதீர்கள்.

ஆளை விட்டுவிட்டு ஏன் நிலத்தைத் தேட வேண்டும்? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஒரே தெருவில், ஒன்றுவிட்ட தலைமுறைகளில் மூன்று ஏழுமலை இருப்பார்கள். நிலத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. எண் மாறினாலும், பழைய எண் எது, புதிய எண் எது என்று எழுதி வைத்திருப்பார்கள்.

எங்கே தொடங்குவது? வீட்டில். பழைய பட்டா, கிஸ்தி ரசீது, கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மொய் நோட்டை மறக்காதீர்கள். யார் எந்த ஊரிலிருந்து வந்து என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்கிறது. மறந்துபோன பங்காளிகளின் ஊர் அங்கேதான் அகப்படும்.

அடுத்தது சர்வே எண். அரசின் இ-சேவை இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டை (ஊரின் ஒவ்வொரு நிலத்துக்கும் எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் காட்டும் புத்தகம்) பார்க்கலாம். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் எண்கள் உட்பிரிவாயின. அதற்கு முந்தைய பெயர் வேண்டுமானால், வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுங்கள். அங்கே இல்லை என்றால்? 1993 வரை விழுப்புரம் பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது, அதன் தலைமையிடம் கடலூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சியே திண்டிவனம் வட்டத்துக்குள் இருந்தது. அதனால் விழுப்புரத்தோடு நிறுத்தாமல், கடலூரிலும் திண்டிவனத்திலும் விசாரியுங்கள்.

எண் கையில் வந்ததும் சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று (ஒரு நிலத்தின் மீது நடந்த விற்பனை, அடமானம், பாகப்பிரிவினைகளின் பட்டியல்) பெரும்பாலும் 1975 முதல் இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தியதை நேரில் மனுக் கொடுத்து, புத்தகத்தைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் நகல் கேளுங்கள். ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது பத்திரத்துக்குள்தான் தெரியும்.

பத்திரத்தில் என்ன பார்ப்பது? முதலில் தகப்பனார் பெயர். மூன்று ஏழுமலைகளையும் பிரித்துக் காட்டுவது அதுதான். பிறகு நான்கெல்லை. ‘இன்னார் நிலத்துக்குக் கிழக்கு’ என்ற இடத்தில் வரும் இன்னார் பல நேரம் பாகம் பிரிந்த அண்ணனோ தம்பியோதான். அடமானம் எதற்கு என்ற காரணத்தையும் எழுதியிருப்பார்கள்: மகள் கல்யாணம், பழைய கடன், கிணறு வெட்ட. பெண்களின் பெயர் வேறெங்கும் இல்லாவிட்டாலும், ‘இன்னாரின் விதவை’ என்று கைநாட்டு வைத்த இடத்தில் இருக்கும். சாட்சிக் கையெழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மாமன், மச்சான் எல்லாம் அங்கே நிற்பார்கள்.

தேதி புரியவில்லையா? பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு, ஜூலையில் தொடங்கும்) என்றால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1330 என்பது 1920 ஜூலையிலிருந்து 1921 ஜூன் வரை. பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. பிரபவ 1867-இலும் வந்தது, 1927-இலும் வந்தது. அறுபது ஆண்டு இடைவெளியில் தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில், ஒரே பெயருள்ள ஆண்டில் பத்திரம் எழுதியிருக்கலாம். முத்திரைத்தாளில் இருப்பது விக்டோரியா மகாராணியா, ஜார்ஜ் மன்னரா என்று பார்த்தால் தீர்ந்துவிடும்.

நிலமே இல்லாத குடும்பம் என்ன செய்வது? நியாயமான கேள்வி, இந்தக் கணக்குகள் நிலமற்றவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வீட்டுமனைப் பட்டா, பழைய வாக்காளர் பட்டியல், கிறிஸ்தவர்களானால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, இவற்றைப் பாருங்கள்.

விசித்திரம் என்னவென்றால், ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றித்தான் அதிக விவரம் கிடைக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் 1,52,000 பேர் கப்பலேறினார்கள். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். சொந்த ஊர்க் கணக்கில் ஒரு வரிகூடக் கிடைக்காதவருக்குத் துறைமுகத்தில் நெற்றித் தழும்பும் பதிவாகியிருக்கிறது! நேட்டால் பட்டியல்கள் டர்பனிலும், மொரீசியசுக்குப் போனவர்களின் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் இருக்கின்றன. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தளவானூரை ஆங்கிலத்தில் ‘டலவனூர்’ என்றும் தேடிப் பாருங்கள்.

இதனால் கைமேல் என்ன பயன்? பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பேரிலேயே இருந்தால், உங்கள் பேருக்கு மாற்ற ஒவ்வொரு தலைமுறைக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். இறப்பைப் பதியவே இல்லை என்றால், முதலில் ‘பதிவில் இல்லை’ என்ற சான்றை வாங்குங்கள். அதை வைத்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து, அவர் உத்தரவின் பேரில் தாமதப் பதிவு செய்யலாம். அங்கே குடும்ப மரத்தை வரைந்து காட்டினால் மட்டும் போதாது. நீங்கள் திரட்டிய பத்திர நகல்களில் அலுவலக முத்திரை இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தை ஏற்கமாட்டார்கள். ஆகவே நகல் வாங்கும் அன்றைக்கே சான்றிட்ட நகலாக, இரண்டு படிகள் கேட்டு வாங்கிவிடுங்கள்.