சேலத்துப் பாங்குகளும் நமது சேமிப்பும்

சேலம் நகரம் ஒரு காலத்தில் தனக்கென்று சொந்தப் பாங்குகளைப் பெற்றிருந்தது. 1925ஆம் ஆண்டில் சேலம் பாங்கு தோன்றியது. சேலம் ஸ்ரீ கன்னிகா பரமேஸ்வரி பாங்கு என்றொரு ஸ்தாபனமும் இங்கே இயங்கி வந்தது. 1960க்குப் பின் வந்த சில ஆண்டுகளுக்குள் முன்னது இந்தியன் பாங்குடனும், பின்னது கரூர் வைசியா பாங்குடனும் இணைந்துவிட்டன.

இவை ஏன் தனித்து நிற்கவில்லை? சிறிய பாங்கு ஒன்று, ஓர் ஊராரிடமே பணம் பெற்று, அவ்வூராருக்கே கடன் கொடுக்கிறது. நூல் வியாபாரம் படுத்தாலும், மழை பொய்த்தாலும், கடன் வாங்கியவர் தவணை கட்ட இயலார். அதே வேளையில் பணம் போட்டவரும் செலவுக்காகத் திருப்பிக் கேட்பர். இரு நெருக்கடியும் ஒருங்கே வரும்போது சிறு பாங்கு தாங்குவதரிது. பெரிய பாங்குக்கோ, ஓரூரின் நஷ்டத்தை மற்றோரூரின் வரவு ஈடு செய்யும்.

1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்கு முறிந்தது நாடெங்கும் கலக்கத்தை உண்டாக்கிற்று. அவ்வாண்டிலேயே, நலிந்த பாங்குகளைப் பிற பாங்குகளுடன் இணைக்கும் அதிகாரம் சட்டத்தால் வலுப்படுத்தப்பெற்றது. 1962 ஜனவரி முதல் டிபாஸிட் இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையே பாதுகாப்பு. 2020 முதல் அது அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்.

இணைப்பினால் பாதுகாப்பு பெருகியது. ஆனால் கடன் பற்றிய முடிவு ஊரை விட்டு அகன்றது. நெசவாளரின் நாணயத்தை நேரில் அறிந்தவர், முடிவு செய்பவராக இல்லாமற் போனார். பின்னர் 2006இல் பல்லவன் கிராம பாங்கு சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. 2019இல் அது பாண்டியன் கிராம பாங்குடன் சேர்ந்து தமிழ்நாடு கிராம பாங்காயிற்று. இதற்கும் தலைமையிடம் சேலமே; ஆதரவு தருவது இந்தியன் பாங்கு.

அங்கத்தினர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒரே பாங்கின் பல கிளைகளில் பணத்தைப் பிரித்துப் போட்டாலும் இன்ஷூரன்ஸ் வரம்பு ஒன்றேயாம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்குக்கு இப்பாதுகாப்பு உண்டு; நமது கிராமத்து ஆரம்பக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இல்லை. ஆகவே சங்கத்தில் பணம் போட்டிருப்போருக்குத் தணிக்கை அறிக்கையும் மகாசபைக் கூட்டமுமே காவல். நிலுவைக் கடன் எவ்வளவு, யாரிடம், எத்தனை நாளாய் என்று கூட்டத்தில் கேட்பது குறை கூறுதலாகாது. அது அங்கத்தினரின் உரிமையும் கடமையுமாகும்.