கிருமிக்குப் பிறந்த தேதி கணிப்பவர்கள்

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றதும் குமுளி, கம்பமெட்டு எல்லைச் சோதனைச்சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிப்பார்கள். குமுளிச் சாலையில் இருக்கும் அனுமந்தன்பட்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளைக் கொன்றது எச்5என்8 வைரஸ் என்பதை போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகம் உறுதிசெய்தது. இப்படி வகை தெரிந்த பிறகும், அது எங்கிருந்து, எப்போது வந்தது என்ற கேள்வி மிஞ்சும். அதற்கு விடை தேடுபவர்தான் கணினி உயிரியலாளர்.

பறவைக் காய்ச்சலைத் தரும் இன்ஃப்ளுயன்சா வைரஸின் மரபணுத்தொகுதி எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. மொத்தம் சுமார் 13,500 எழுத்துகள். வைரஸ் பெருகும்போது நகலில் பிழை விழும். ஒரு பண்ணையின் மாதிரியில் ‘ஏஏஜி’ என்றிருக்கும் இடம் இன்னொன்றில் ‘ஏஜிஜி’ என்றிருக்கும். பிழைகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சேர்வதால், வேறுபாடுகளை எண்ணினால் இரண்டும் எப்போது பிரிந்தன என்று கணிக்கலாம். அதற்கு மாதிரிக் குப்பியில் எழுதிய தேதியும் ஊரும் வேண்டும். அவை இல்லாவிட்டால் கணக்கு தடுமாறும்.

இந்தக் கணிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு, இன்னொரு இன்ஃப்ளுயன்சாவான பன்றிக் காய்ச்சல். அது 2009 ஏப்ரலில் வெளிப்பட்டது. ஜூனிலேயே அதன் பூர்வீகம் பற்றிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்துவிட்டது. எழுதிய குழுவில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் விஜய்கிருஷ்ணா தனசேகரன் இருந்தார். இலங்கையில் பிறந்த மாலிக் பீரிஸும் இருந்தார். பன்றிகளிடம் சுற்றிய பல வைரஸ்களின் துண்டுகள் கலந்து உருவான கிருமி அது. கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல மாதம் முன்பே மனிதருக்குத் தாவிவிட்டது என்றார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. அதன் மூதாதை வைரஸ்கள் சுமார் பத்தாண்டுகள் யாருடைய மாதிரியிலும் சிக்காமல் பன்றிகளிடையே இருந்திருக்கின்றன. கணினியும் கணித முறையும் தயாராக இருந்தும், பன்றிப் பண்ணைகளிலிருந்து போதிய மாதிரி வரவில்லை.

இந்த வேலைக்கான உயிரித் தகவலியலை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். உயிரியலோடு கணக்கும் நிரல் எழுதுவதும் பிடித்த கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் தயங்காமல் இந்தப் பக்கம் வரட்டும்.

கணக்குக்கு மாதிரிதான் அடிப்படை என்பதால், பறவை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோழியோ வாத்தோ கூட்டமாகச் செத்தால் வாய்க்காலில் வீசாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், மிச்சத்தை அவசரமாக விற்காதீர்கள். அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள். மாதிரி எடுக்க வருபவரிடம் பறவைகள் எந்தத் தேதியில் சாகத் தொடங்கின, எங்கிருந்து வாங்கியவை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.