அயலூரில் குடிபுகுதல்

தொண்டு செய்ய வேண்டும் என்னும் எண்ணம் இளைஞர் உள்ளத்தில் எளிதில் எழுவது. ஆயின், தொண்டு செய்யச் சென்ற ஊரில் முதற்கண் அவ்வூரார் செய்யும் தொண்டை ஏற்று வாழக் கற்றல் வேண்டும் என்பதனைப் புறப்படுமுன் அறிந்தார் மிகச் சிலரே. அயல் தேசத்தினின்று ஒரு சிற்றூருக்குச் செல்லும் தொண்டர் அங்கே எவ்வாறு நிலைபெறுகின்றனர் என்பதனை, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனெகல் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அவர்கள் 'பீஸ் கோர்' என்னும் சமாதானத் தொண்டர் படையை ஏற்படுத்தினார். நம் இந்தியாவிலும் 1961 முதல் 1976 வரை அத்தொண்டர் பணியாற்றினர். அதன் நோக்கங்கள் மூன்று. பயிற்சி பெற்றோரை வேண்டும் நாடுகட்கு உதவுதல் ஒன்று. அந்நாட்டினர் அமெரிக்கரைச் செவ்வனே அறியச் செய்தல் மற்றொன்று. அமெரிக்கர் பிற மக்களைச் செவ்வனே அறியச் செய்தல் பிறிதொன்று. இம்மூன்றனுள் வேலையைப் பற்றியது ஒன்றே. ஏனைய இரண்டும் அறிதலைப் பற்றியன. ஆகலின், ஊரில் கலந்து வாழ்தல் வேலைக்கு முன்னுரையன்று. வேலையின் பெரும்பகுதியே அதுவாம்.

செனெகல் 1960-இல் பிரெஞ்சு ஆட்சியினின்றும் விடுதலை பெற்றது. அரசாங்க மொழி பிரெஞ்சேயாயினும், சிற்றூர் மக்கள் வீட்டிலும் வயலிலும் வழங்குவன வோலோஃப், புலார், செரேர் முதலிய தாய்மொழிகளே. ஆதலால் தொண்டர் முதலில் ஏறத்தாழ மூன்று மாதம் டாக்கார் நகருக்குக் கிழக்கேயுள்ள தியெஸ் நகரிலும் அதன் சூழலிலும் தங்கி, ஒரு குடும்பத்தாருடன் வாழ்ந்து அம்மொழிகளுள் ஒன்றைப் பயில்வர். அதன் பின்னர் இரண்டாண்டுக் காலம் தமக்குக் குறித்த ஊரில் வாழ்வர்.

ஊருக்குச் சென்றதும் செய்யத்தக்க முதற்காரியம் ஊர்த்தலைவரைக் கண்டு வணங்குதல். அதன்பின் ஒரு குடும்பத்தாரின் வளவிற்குள்ளேயே தொண்டருக்கு ஒரு குடில் அளிக்கப்படும். அக்குடும்பத்தார் அவருக்குத் தம் குலப்பெயரைச் சேர்த்து ஒரு புதுப்பெயரும் இடுவர். இப்பெயர் வெறும் விளையாட்டன்று. 'ந்தியாய்' என்னும் பெயர் பெற்றவரை 'தியோப்' என்னும் பெயருடையார், சோற்றாசை பிடித்தவரென்று கேலி செய்வர். இவரும் அவரை அவ்வாறே கேலி செய்யலாம். அந்நாட்டில் குலப்பெயர்களிடையே தொன்றுதொட்டு வழங்கும் கேலியுறவு இது. நேற்று வந்த அயலார் இன்று கேலிக்கு உரியராதலின், உறவினருள் ஒருவராகவும் எண்ணப்படுகின்றார்.

அடுத்தது முகமன். நலம் உசாவாது எப்பேச்சையும் தொடங்குதல் அங்கே பெரும் மரியாதைக் குறைவு. 'நங்கா தெஃப்' என்று நலம் கேட்டால், 'மாங்கி ஃபி ரெக்' என்பது விடை. 'இங்கேதான் இருக்கிறேன்' என்பது அதன் பொருள். பின்னர் வீட்டாரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் வினாக்கள் தொடரும். கிணற்றடிக்குச் செல்லும் சிறு வழியிலும் பலரிடம் இவ்வாறு நின்று பேச வேண்டியிருத்தலின், காலத்தைக் கடிகாரத்தால் அளந்து பழகியவர்க்கு முதலில் இஃது வீணெனவே தோன்றும். ஆயினும், எவர் வீட்டில் நோய், எவர் வயலில் விளைவு குன்றிற்று என்பனவெல்லாம் இம்முகமன் வழியாகவே தெரியவரும். வேறெவ்வகை விசாரணையும் இத்துணைச் செய்தி தாராது.

உணவு உண்ணும் முறையும் ஒரு பாடமே. ஒரே பெருங்கலத்தைச் சுற்றிப் பலர் அமர்ந்து, வலக்கையால் தத்தமக்கு எதிரேயுள்ள பகுதியை மட்டும் உண்பர். நடுவேயுள்ள மீனையும் காய்களையும் வீட்டுத்தலைவி பிய்த்து விருந்தினர் பக்கம் இடுவாள். இவ்விருந்தோம்பற் பண்பினைத் 'தெராங்கா' என்பர். இங்கேதான் தொண்டரின் மனச்சான்றைத் தொடும் வினா எழுகின்றது. அந்நாட்டில் மழை ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரையே. பழைய கம்பு தீர்ந்து புதுக்கதிர் முற்றாத மழை மாதங்கள் பஞ்ச மாதங்கள். உழைப்பு மிகுவதும், மலேரியாக் காய்ச்சல் பெருகுவதும் அப்பருவத்திலேதான். அப்போதும் நல்ல துண்டு விருந்தினர் பக்கமே வந்து விழும். அதனை மறுப்பின் வீட்டார் மனம் புண்படும். உண்ணின் குழந்தைகளின் பங்கு குறையும். ஆகலின் அறிவுடைய தொண்டர் தம் உணவுக்குரிய பங்கினைப் பொருளாகவோ பணமாகவோ முன்னமே வீட்டாரிடம் சேர்ப்பித்து, கலத்தின் முன் அமர்கையில் மறுப்புரையாது சிறிதளவே உண்டு எழுவர்.

முதன்மாதங்களில் எவ்வேலையையும் தொடங்காதிருத்தல் நன்று. ஏனெனில், காய்கறித் தோட்டம் நல்லதென்று தோன்றலாம். ஆயின் அதற்கு நீர் இறைப்பவர் யாவர்? விடியுமுன் எழுந்து நீர் சுமந்து, கம்பு குற்றி, சமைத்து, வயலுக்கும் செல்லும் பெண்டிரே. அவர்தம் நாளில் ஒழிந்த நாழிகை உண்டா என்பதனை, அவருடன் இருந்து கண்டவரே அறிவர். மாலையில் மும்முறை காய்ச்சி, மும்முறை பகிரப்படும் 'அத்தாயா' என்னும் தேநீருக்காகக் காத்திருக்கும் நெடும்பொழுதில், மக்கள் தாமே தம் குறைகளைப் பேசுவர். அப்போது கேட்டறிந்த வேலையே வேரூன்றும். தனிமைத் துயருக்கும் அத்தேநீர் வட்டமே மருந்து.

இங்ஙனம் கலந்து வாழ்தலின் பயன் யாதென்பதற்கு 2020-ஆம் ஆண்டு ஒரு சோதனையாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதம், கொரோனாத் தொற்றின் காரணமாக, உலகெங்கும் பணியாற்றிய ஏறத்தாழ 7000 தொண்டரையும் அப்படை சில நாட்களுக்குள் திருப்பி அழைத்துக்கொண்டது. 2022-இல்தான் தொண்டர் மீண்டும் அனுப்பப்பட்டனர். தொண்டர் ஒருவரையே தூணாகக் கொண்டு நிற்கும் வேலை அவர் சென்ற அன்றே சாயும். ஊரார் தமதென ஏற்ற வேலையோ அவர் சென்ற பின்னும் நிற்கும்.

நம் மாணாக்கர் கடல் கடந்து செல்லாவிடினும், விடுமுறையில் கிராமத் தொண்டிற்குச் செல்லுதல் உண்டு. பத்து நாளேயாயினும் அங்கும் நாம் அயலாரே. கற்பிக்கும் நாவினும் கேட்கும் செவியை முந்துறக் கொண்டு செல்வோமாயின், நாம் மீண்ட பின்னும் நம் தொண்டு அவ்வூரில் தங்கும்.